தமிழ் சூப்பர் ஹீரோ படங்களில் இயக்குநர் முத்திரை

ஹாலிவுட்டில் பேட்மேன், சூப்பர்மேன் போன்ற பாத்திரங்கள் பதிப்பகங்களின் சொத்து. இயக்குநர் மாறுவார், பாத்திரம் தொடரும். டிம் பர்ட்டன் 1989இல் எடுத்த பேட்மேனும் கிறிஸ்டோபர் நோலன் 2005இல் தொடங்கிய பேட்மேனும் பெயரளவில் ஒரே ஆள்தான். அவன் காவல் காக்கும் ஊர்தான் வேறு வேறாகத் தெரியும். தமிழில் அப்படிக் கைமாறி வரும் பாத்திரம் கிடையாது. நாயகனை ஒவ்வோர் இயக்குநரும் தன் சரக்கைக் கொண்டே செய்ய வேண்டியிருந்ததால், இங்கே சூப்பர் ஹீரோவின் வரலாறு பெரும்பாலும் இயக்குநர்களின் வரலாறாகவே இருக்கிறது. அதில் கொங்கு வட்டாரத்துக்குப் பெரிய பங்குண்டு.

தொடக்கத்தைக் கோவை பட்சிராஜா ஸ்டுடியோவில் வைக்கலாம். 1945இல் அதை நிறுவிய எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு தயாரித்து இயக்கிய ‘மலைக்கள்ளன்’ 1954இல் வெளிவந்தது. கதை நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் நாவல், வசனம் மு. கருணாநிதி. மலையில் கூட்டத்தோடு வாழ்ந்து, இருப்பவனிடம் பறித்து இல்லாதவனுக்குக் கொடுக்கும் கள்ளன், ஊருக்குள் அப்துல் ரஹீம் என்ற வியாபாரியாக உலவுகிறான். எம்.ஜி.ஆர். நடித்த இந்த இரட்டை வாழ்க்கை, பேட்மேனுக்கு முன்னோடியான ஸாரோவின் வார்ப்பேதான். பறக்கும் சக்தியோ மாயமோ இல்லை, ஆள்மாறாட்டமே சக்தி. குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற இப்படத்தைத் தெலுங்கு, இந்தி, மலையாளம், கன்னடம், சிங்களம் என்று மேலும் ஐந்து மொழிகளில் நாயுடுவே எடுத்தார். இந்தியில் ‘ஆஸாத்’ (1955). சோக நாயகன் என்று பெயரெடுத்திருந்த திலீப் குமார் அதில் சிரித்துக்கொண்டே வேடம் மாறினார். தமிழில் எம்.ஜி.ஆர்., தெலுங்கில் என்.டி.ஆர்., இந்தியில் திலீப் என்று நடிகர் யாரானாலும் கள்ளன் நிலைத்தான் என்றால், படத்தின் அச்சு இயக்குநரிடம் இருந்தது என்றுதான் கொள்ள வேண்டும்.

அடுத்த முப்பது ஆண்டுகள் அப்படியில்லை. மலைக்கள்ளனின் குணங்களை எம்.ஜி.ஆர். தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். நட்சத்திரமே சூப்பர் ஹீரோ ஆன பிறகு முகமூடிக்கு வேலை இல்லை. இடையில் கவனிக்க வேண்டியவர் ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரான கர்ணன். ஜெய்சங்கருக்குத் தொப்பி மாட்டிக் குதிரையேற்றிய ‘காலம் வெல்லும்’ (1970), ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ (இரண்டும் 1972) ஆகிய கௌபாய் படங்களில் கதையை விடக் கேமராவின் ஓட்டமே நினைவில் நிற்கும். அதே 1972இல்தான் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியது. அதன் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’: மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து, இரும்புக்கை மட்டும் தெரியும் பிரிட்டிஷ் நாயகன். இதைப் படித்து வளர்ந்த தலைமுறை இயக்கத்துக்கு வரப் பல ஆண்டுகள் பிடித்தன.

அதற்குள் மலைக்கள்ளனின் வாரிசு ஒருவர் மேட்டூர்ப் பக்கத்திலிருந்தே கிளம்பினார். அப்பகுதியில் கொள்ளைக்காரராகவும் ஏழைகளின் காவலராகவும் பேசப்பட்ட மம்பட்டியானின் கதையைத் தழுவி ராஜசேகர் இயக்கியது ‘மலையூர் மம்பட்டியான்’ (1983). இதே ராஜசேகர்தான் சுஜாதாவின் கதையில் கமல்ஹாசனை உளவாளியாக்கி ‘விக்ரம்’ (1986) எடுத்தார்.

புதிய நூற்றாண்டில் வந்த ஷங்கரின் ‘அந்நியன்’ (2005), ‘எந்திரன்’ (2010), ‘2.0’ (2018) ஆகியவை ‘ஜென்டில்மேன்’ காலத்திலேயே அவர் பிடித்த நூலின் நீட்சி: லஞ்சத்தின் மேல் கோபம், அதைவிடப் பிரம்மாண்டத்தின் மேல் மோகம். சுசி கணேசனின் ‘கந்தசாமி’ (2009) முருகன் கோயில் மரத்தில் மக்கள் கட்டும் வேண்டுதல் சீட்டுகளை நிறைவேற்ற ஒரு சிபிஐ அதிகாரியைச் சேவல் வேடத்தில் அனுப்பியது. முருகனின் கொடியிலிருந்தே உடையைத் தைத்த அந்த யோசனை, படத்தை விட நல்ல யோசனை. விகடனில் கார்ட்டூனிஸ்டாக இருந்த சிம்புதேவன் ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ (2010) படத்தில் கர்ணனின் குதிரைகளையும் சிவகாசி காமிக்ஸையும் ஒன்றாகக் கட்டிக் கேலியும் காதலுமாகச் செய்தார்.

மிஷ்கினின் ‘முகமூடி’ (2012) தனித்து நிற்கிறது. ஜீவாவின் நாயகனுக்கு அற்புத சக்தி எதுவுமில்லை. குங்ஃபூ மட்டும் உண்டு. ‘அஞ்சாதே’யில் பார்த்த தாழ்ந்த கோணங்கள், கால்களின் நடமாட்டம், சண்டைக்கு முந்தைய நீண்ட மௌனம் எல்லாம் இங்கும் வந்தன. ஆனால் முகமூடிக்காரனைப் பார்க்க வந்த சிறுவர்களுக்கு அந்த மௌனம் நெடியதாகப்பட்டது. படம் வசூலில் தோற்றது. தன் நடையைத் துளியும் விட்டுக்கொடுக்காததுதான் அதன் பலவீனம் என்பர். இன்றும் அதைப் பற்றிப் பேச ஏதோ இருப்பதும் அதனால்தான். மலையாளத்தில் பேசில் ஜோசப்பின் ‘மின்னல் முரளி’ (2021) ஒரு சிற்றூர்த் தையல்காரனை வைத்து, நடையையும் பார்வையாளரையும் ஒருங்கே காக்கும் சிக்கலை எளிதாகக் கடந்தது. தமிழில் மடோன் அஸ்வினின் ‘மாவீரன்’ (2023), நாளிதழுக்குப் படக்கதை வரையும் கோழைக்கு ஓர் அசரீரியைத் துணை சேர்த்து, ‘மண்டேலா’வின் அரசியல் நையாண்டியைக் குடிசைமாற்று வாரிய அடுக்குமாடிக்குக் கொண்டுபோனது.

கிணத்துக்கடவில் பிறந்து, கோவை பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரியில் படித்து, வங்கி வேலையை விட்டு வந்த லோகேஷ் கனகராஜ் வேறு வழியில் போனார். அவர் கட்டியது நாயகனை அல்ல, நாயகர்கள் உலவும் உலகத்தை. ‘கைதி’ (2019) ஒரே இரவு, ஒரு லாரி, மகளைக் காணப்போகும் தகப்பன்; பாட்டுமில்லை, ஜோடியுமில்லை. கையில் விலங்கோடு உட்கார்ந்து பிரியாணியை வாரிச் சாப்பிடும் காட்சிதான் நாயகன் டில்லியின் அறிமுகம் என்று சொல்லத் தகும். ‘விக்ரம்’ (2022) ராஜசேகரின் பழைய உளவாளியை எழுப்பி, முகமூடிக் கூட்டமொன்றைக் கொடுத்து, ‘கைதி’யோடு முடிச்சுப்போட்டது. வெளியீட்டுக்கு முன் ‘கைதி’யை மறுபடி பார்த்துவிட்டு வரும்படி லோகேஷ் ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். ‘முகமூடி’யில் வில்லனாக வந்த நரேன் இவ்வுலகில் பிஜாய் என்ற போலீஸ் அதிகாரி.

ஒளிப்பதிவாளர்கள் மாறியும் லோகேஷின் நடை மாறாததற்குக் காரணம், ‘மாநகரம்’ (2017) முதல் தொடரும் படத்தொகுப்பாளர் பிலோமின் ராஜும் பெரும்பாலும் உடன்வரும் சண்டை இயக்குநர்கள் அன்பறிவும். பழைய பாட்டை அதிரடிப் படத்துக்குள் ஒலிக்கவிடுவது இன்னொரு அடையாளம்: ‘விக்ர’மில் ‘அசுரன்’ (1995) பாட்டு, ‘லியோ’வில் ‘ஏழையின் சிரிப்பில்’ (2000) பாட்டு. ‘மாஸ்டர்’ (2021) இவ்வுலகுக்கு வெளியே நிற்கிறது.

‘லியோ’வின் (2023) மூலம் டேவிட் க்ரோனன்பெர்க்கின் 2005ஆம் ஆண்டுப் படம். அதற்கும் மூலம் ஜான் வாக்னர் எழுதி வின்ஸ் லாக் வரைந்த 1997ஆம் ஆண்டுக் காமிக்ஸ் நூல். ஆக, தமிழில் நேர் வம்சாவளியுள்ள காமிக்ஸ் படம் இது. திரையரங்கில் யாரும் அதை அப்படிப் பார்க்கவில்லை. க்ரோனன்பெர்க் அடக்கி வாசித்த வன்முறையை லோகேஷ் கழுதைப்புலியோடு முழங்க வைத்தார். முற்பாதியில் அது பலித்தது. பிற்பாதியில் முன்கதை நீண்டு, உலகத்தோடு இணைக்கும் அவசரம் கதையைத் தின்றது.

‘மாநகரம்’ முடிந்த கையோடு லோகேஷ் சூர்யாவை வைத்து எடுக்க நினைத்ததாக நேர்காணல்களில் சொன்ன படம் ‘இரும்புக்கை மாயாவி’. அது தள்ளிப்போக, சூர்யா ‘விக்ர’மின் கடைசிக் காட்சியில் ரோலக்ஸாக வந்து போனார். 2025இல் வந்த ‘கூலி’யும் மாயாவியைத் தொடவில்லை.