தாத்தாவின் டம்ளரும் சேத்துப்பட்டு ஆராய்ச்சியும்

போன மாசம் மயிலாப்பூர் வீட்டுப் பரணை ஒழிச்சப்போ ஒரு பித்தளை டம்ளர் கிடைச்சது. "அது தாத்தாவோடது, அதுல யாரும் குடிக்கக் கூடாது"ன்னாங்க பாட்டி. அறுபதுகளில் தாத்தாவுக்கு டிபி. மூணு மாசத்துல இருமல் நின்னதும் மாத்திரையை நிறுத்திட்டார். திரும்ப வந்தப்போ ஒரு வருஷம் படுக்கை. "பொறுப்பில்லாத மனுஷன்" என்பதுதான் எங்க வீட்டில் அவரைப் பற்றிய வரலாறு. நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன், சேத்துப்பட்டுக் கதையைப் படிக்கும் வரை.

1956-ல் அங்கே காசநோய் சிகிச்சை ஆராய்ச்சி மையம் ஒண்ணு ஆரம்பிச்சாங்க. இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். அப்போதைய தலைவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேயர். அதுவரை டிபின்னா சானடோரியம்தான்: நல்ல காத்து, ஓய்வு, பால், முட்டை. (தாம்பரத்துல ஸ்டேஷன் பேரே அதானே!) நோயாளிகள் லட்சக்கணக்கில், கட்டில்களோ கொஞ்சம். அதனால 193 ஏழை நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுற மாதிரி ரெண்டாப் பிரிச்சாங்க. ஒரு பாதி சானடோரியத்தில், மறு பாதி நெரிசலான சொந்த வீட்டில். ரெண்டு பேருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். 1959-ல் வந்த முடிவு: கிட்டத்தட்ட சமம். வீட்டிலேயே இருந்தவங்களோட குடும்பத்துக்குக் கூடுதலா தொத்தவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மெல்ல மெல்ல மூடினதுக்கு இது ஒரு பெரிய காரணம்.

எனக்குப் பிடிச்சது அடுத்த பாகம். திடீர்னு வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினாங்க, சிறுநீரைச் சோதிச்சாங்க. நிறையப் பேர் ஒழுங்கா சாப்பிடலை. 'பாஸ்' என்ற மருந்தைத் தினமும் கிராம் கணக்கில் முழுங்கணும், வயித்தைப் புரட்டும். உடம்பு தேறினப்புறம் யார் சாப்பிடுவா? அஞ்சு நாள் ஆன்டிபயாடிக்கை மூணாம் நாளே நிறுத்தின ஆள் நான் :-)

ஃபாக்ஸ் நோயாளியைத் திட்டலை. நோயாளி தானே மருந்து எடுத்துக்கொள்வது என்பதையே ஒரு பிரச்சினையா வெச்சு 1958-ல் கட்டுரை எழுதினார். எங்க ஆபீஸ் பாஷையில், 'யூசர் தப்பு'ன்னு டிக்கெட்டை மூடாம டிசைனை மாத்தினாங்க. வாரம் ரெண்டு நாள் கிளினிக்குக்கு வந்தா போதும். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, கூடவே ஊழியர் கண் முன்னாடி ஐசோனியசிட் மாத்திரை. 1964-ல் முடிவு வந்தப்போ, தினமும் வீட்டில் தானே சாப்பிட்டவங்களை விட இவங்க நிலைமை நல்லாவே இருந்தது. பிற்பாடு 'டாட்ஸ்' என்று உலகம் பூரா போனதுக்கு இங்கேதான் விதை. இந்தியாவின் தேசியத் திட்டமே 1997-ல் இந்த வழிக்கு வந்தது.

முழுசா கை தட்டவும் மனசு வரலை. கண் முன்னாடி முழுங்குன்னு சொல்றதும் ஒரு வகைச் சந்தேகம்தானே? கிளினிக் போற நாள் கூலி யார் பாக்கெட்டில் இருந்து போச்சு? நோயாளியின் சாப்பாட்டுக்குன்னு மாசம் 500 ரூபாய் மத்திய அரசு தர ஆரம்பிச்சதே 2018-ல்தான். 2024 நவம்பரில் அது 1000 ஆச்சு.

பாட்டிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். டம்ளரால டிபி பரவாது, காத்து வழியாத்தான் பரவும்னும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அவருக்கு அப்படி வந்து எண்ணிப் பார்க்க யாரும் இல்லையேடா"ன்னாங்க.

டம்ளரைப் புளி போட்டுத் தேய்ச்சு அடுக்களையில் வெச்சிருக்காங்க.