தோட்டத் திடலிலிருந்து ‘வல்லவன்’ வரை: மலேசியத் தமிழ் ராப் இசையின் தாள வேர்கள்

முன்னுரை

மலேசியத் தமிழ் ராப் இசையை அமெரிக்காவிலிருந்து வந்த இரவல் சரக்கு என்று ஒதுக்குவோர் உண்டு. 2006இல் யோகி பி – நட்சத்ரா குழுவினர் வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பான ‘வல்லவன்’ அக்கருத்தைப் பொய்யாக்குகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். வடிவம் வெளியிலிருந்து வந்தது. அதை ஏற்றுக்கொண்ட காது தோட்டப்புறத்தில் பழகியது. கோலசிலாங்கூர் வட்டாரத்தை முன்வைத்தும், லண்டன் ஃபங்க் – சோல் குழுவான சிமாண்டேயோடு ஒப்பிட்டும் இதை ஆராய்வோம்.

தோட்டமும் தாளமும்

கோலசிலாங்கூர் வட்டாரத்தின் பத்தாங் பெர்ஜுந்தை இன்று பெஸ்தாரி ஜெயா. அங்கே, பெயரிலேயே தமிழ் ஒலிக்கும் தென்னமரம் தோட்டத்தில்தான் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைப் பயிரீடு 1917இல் தொடங்கியது. ஆயினும் நெடுங்காலம் இவ்வட்டாரத் தமிழரின் வாழ்வு கித்தா (ரப்பர்) மரத்தைச் சுற்றியே அமைந்தது. பால்மரம் வெட்ட ஆள் நிறைய வேண்டும். அதனால் குடும்பம் குடும்பமாக லயங்களில் (வரிசை வீடுகளில்) வாழ்ந்தார்கள்.

அவர்களுக்கு இசை இரு வழிகளில் வந்தது. ஒன்று வானொலியும், திடலில் திரை கட்டிப் போட்ட படங்களும் தந்த சினிமாப் பாட்டு. மற்றொன்று மாரியம்மன் திருவிழாவின் தப்பும் உருமியும். தப்பை நெருப்பில் காய்ச்சித் தோலை முறுக்கேற்றிய பிறகே அடிப்பார்கள். உருமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் உறுமல், அடிக்கு அடி இடையே இழுபட்டு ஓடும். ஃபங்க் இசையில் பாஸ் கிட்டார் செய்யும் வேலையும் இதுதான்: ஒரே தாளக்கட்டைத் திரும்பத் திரும்ப இசைத்து உடலை அசைய வைப்பது.

லண்டன் காட்டும் இணை

கயானா, ஜமைக்கா முதலிய நாடுகளிலிருந்து லண்டனில் குடியேறிய இளைஞர்களின் குழு சிமாண்டே. அவர்களின் முதல் தொகுப்பு குழுவின் பெயரிலேயே 1972இல் வெளிவந்தது. ஜமைக்காவின் ராஸ்தஃபாரி வழிபாட்டின் நையபிங்கி முழவொலியை ஃபங்க் இசையோடு பிணைத்து, அதற்கு ‘நையா ராக்’ என்று பெயரிட்டார்கள். பிரிட்டன் அன்று அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, அமெரிக்கா கேட்டது. பின்னாளில் டி லா சோல், ஃப்யூஜீஸ் போன்ற ராப் குழுக்கள் அந்த இசைத் துணுக்குகளை எடுத்தாண்டன.

மலேசியத் தமிழர், கரீபியர் ஆகிய இரு சமூகங்களும் பிரிட்டிஷ் ஆட்சியின் தோட்டப் பொருளாதாரம் இடம்பெயர்த்தவை. கயானாவின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர் வழிவந்தோரின் மாரியம்மன் வழிபாட்டில் ‘தப்பு’ அதே பெயரோடு இன்றும் ஒலிக்கிறது.

திடலிலிருந்து நகரத்துக்கு

கித்தாவை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டபோது ஆள்தேவை குறைந்தது. லயங்கள் காலியாயின, பிள்ளைகள் கிள்ளான், ஷா ஆலம், கோலாலம்பூர் என நகர்ந்தார்கள். கோயில் மேளமும் சினிமாப் பாட்டும் அவர்களோடு போயின.

நகரத்தில் வேறு முயற்சிகள் நடந்துகொண்டிருந்தன. பினாங்கின் ஆறுமுகம் சகோதரர்கள், டேவிட்டும் லோகநாதனும், ‘அலிகேட்ஸ்’ குழுவில் மலாய்ப் பாடல்களால் நாடறிந்தவர்களானார்கள். 1998இல் ராப் குழுவான ‘பொயட்டிக் அம்மோ’வின் முதல் தொகுப்பு ஆங்கிலம், மலாய் ஆகியவற்றோடு தமிழையும் ராப்புக்குள் கொண்டுவந்தது. அக்குழுவில் இருந்தவரே யோகி பி. அங்கே ஒரு பங்காக இருந்த தமிழ், எட்டு ஆண்டுகளில் ‘வல்லவன்’ தொகுப்பின் மைய மொழியானது.

அத்தொகுப்பின் புகழ்பெற்ற பாடல், ‘நிழல்கள்’ (1980) படத்துக்கு இளையராஜா இசையமைத்த ‘மடை திறந்து’ பாடலின் மறுவாக்கம். தன் சமூகம் தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த பாட்டின் மேல் தன் சொந்தப் பேச்சை ஏற்றுவதே இதன் முறை. முன்பு தமிழகத்திலிருந்து பாட்டு வந்தது, மலேசியத் தமிழன் கேட்டான். 2007இல் தமிழகத்தின் ‘பொல்லாதவன்’ படத்தில் யோகி பியின் குரல் ஒலித்தபோது, பாட்டு எதிர்த்திசையிலும் பயணப்பட்டது.

முடிவுரை

முதல் தொகுப்பு என்பது ஒரு குழுவின் தொடக்கம் மட்டுமன்று. அதுவரை கேட்டுக்கொண்டே இருந்த ஒரு சமூகம் வாய் திறந்த நேரமும் அதுவே. கேட்டுவந்த அந்தக் காலத்தின் சான்றுகள் பழைய ஒலிநாடாக்களிலும், திருவிழாப் படங்களிலும், முதிய உருமிக் கலைஞர்களின் நினைவிலும் இருக்கின்றன. கோலசிலாங்கூர்த் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்கள் அவற்றை இன்றே பதிவு செய்ய வேண்டும். தோட்டம் போய்விட்டது, தாளத்தையும் தொலைத்துவிடக் கூடாது.