சிறுநீர்ப்பைப் புற்றுநோய்: ஆர்.என்.ஏ.வைக் கட்டுப்படுத்தும் புரதங்கள் செய்வது என்ன?

கம்பம்மெட்டு: தேனி மாவட்டம் கம்பத்திலிருந்து மலையேறும் சாலை, கம்பம்மெட்டில் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துக்குள் நுழைகிறது. ஏலத்தோட்டத் தொழிலாளர்கள் நாள்தோறும் ஜீப்புகளில் கடக்கும் இந்த எல்லையின் சோதனைச்சாவடியில், எந்தச் சரக்கு செல்லலாம், எது நிறுத்தப்பட வேண்டும் என்பது தாள்களையும் முத்திரைகளையும் பார்த்து முடிவாகிறது. மனித செல்லுக்குள்ளும் இதையொத்த சோதனை இடைவிடாது நடக்கிறது. அங்கே சரக்கு, ஆர்.என்.ஏ.; காவலர்கள், புரதங்கள். அந்தக் காவல் பிறழும்போது என்ன நேரும் என்பதற்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் ஓர் எடுத்துக்காட்டு.

உலக அளவில் 2022-ஆம் ஆண்டில் 6 இலட்சத்துக்கும் அதிகமானோருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது, சுமார் 2.2 இலட்சம் பேர் உயிரிழந்தனர். பெண்களைவிட ஆண்களிடம் பல மடங்கு அதிகமாகக் காணப்படுகிறது. முதன்மைக் காரணம் புகையிலைப் புகை. பீடியோ சிகரெட்டோ, புகையிலுள்ள நச்சுகள் இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தால் வடிகட்டப்பட்டு, சிறுநீருடன் பையில் மணிக்கணக்கில் தேங்கி அதன் உட்சுவரைத் தாக்குகின்றன. சாயத் தொழிற்சாலைகளில் பயன்பட்ட அரோமேட்டிக் அமீன்களும், குடிநீரில் கலந்த ஆர்சனிக்கும் அறியப்பட்ட பிற காரணங்கள். தோட்டப் பகுதிகளில் பூச்சிக்கொல்லி குறித்த அச்சம் இயல்பானதே. ஆனால் அந்த அச்சத்தைப் பீடியைப் பற்றவைத்தபடியே பேசுவதில் பொருளில்லை.

திரும்பத் திரும்ப வரும் நோய்

கண்டறியப்படும்போது ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நோயாளிகளிடம் கட்டி பையின் உட்படலத்தோடு நின்றிருக்கும். சிறுநீர்க்குழாய் வழியே கருவியைச் செலுத்தி அதைச் சுரண்டி அகற்றலாம். சிக்கல் அதன்பின் தொடங்குகிறது: பலரிடம் கட்டி மீண்டும் முளைக்கிறது, சிலரிடம் தசைக்குள் ஊடுருவி, நிணநீர்க் கணுக்களுக்குப் பரவுகிறது. யாருக்கு எது நேரும் என்று உறுதியாகச் சொல்ல இயலாததால், சிஸ்டோஸ்கோப்பி எனப்படும் உள்நோக்கிப் பரிசோதனையைச் சில மாதங்களுக்கு ஒருமுறை எனப் பல ஆண்டுகள் செய்ய வேண்டியுள்ளது. மலையிலிருந்து மதுரைக்கோ கோட்டயத்துக்கோ செல்லும் தினக்கூலித் தொழிலாளிக்கு ஒவ்வொரு பரிசோதனையும் குறைந்தது ஒரு நாள் கூலி இழப்பு. பேருந்துச் செலவு வேறு. கட்டியின் போக்கை முன்கூட்டியே அறிய முடியுமா என்ற கேள்வியின் கனம் இங்கே இருக்கிறது. அதற்கான விடையைத் தேடும் ஆய்வாளர்களில் ஒரு பிரிவினர் ஆர்.என்.ஏ.வைக் கட்டுப்படுத்தும் புரதங்களை ஆராய்கின்றனர்.

மூலப்பத்திரமும் நகலும்

டி.என்.ஏ. செல்லின் மூலப்பத்திரம் எனில், தூது ஆர்.என்.ஏ. அதன் நகல். நகலைப் படித்தே செல் தனக்கு வேண்டிய புரதங்களைச் செய்துகொள்கிறது. ஆனால் நகல் எடுத்தவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. அதை வெட்டி ஒட்ட வேண்டும், செல்லின் உட்கருவிலிருந்து வெளியே அனுப்ப வேண்டும், எவ்வளவு நேரம் பயன்படுத்தலாம் என முடிவு செய்ய வேண்டும், வேலை தீர்ந்ததும் அழிக்க வேண்டும். இப்பணிகளைச் செய்பவை ஆர்.என்.ஏ.வுடன் பிணையும் புரதங்கள். மனித உடலில் இத்தகையவை சுமார் 1,500 உள்ளன.

இவற்றுள் ஒரு குழு ஆர்.என்.ஏ.வின் மீது மெத்தில் என்னும் சிறு வேதிக் குறியைப் பதிக்கிறது. மற்றொரு குழு அதை அழிக்கிறது. மூன்றாவது குழு குறியைப் படித்து அதன்படி நடக்கிறது. ஆய்வாளர்கள் இவற்றை முறையே எழுதிகள், அழிப்பிகள், படிப்பிகள் என அழைக்கின்றனர். எஃப்.டி.ஓ. என்னும் புரதம் இக்குறியை அழிக்கவல்லது என 2011-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. குறி நிலையானதன்று, மாற்றத்தக்கது என்பது அதனால் தெளிவானது. இத்துறை வேகம் பெற்றதும் அதன்பின்னரே.

சிறுநீர்ப்பைக் கட்டிகளில் அதிகம் பேசப்படும் எழுதி, மெட்டில்-3. இது பல கட்டிகளில் இயல்பைவிட மிகுந்து காணப்படுகிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்னும் குட்டி ஆர்.என்.ஏ.க்களைக் கண்டறிந்ததற்காக 2024-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது நினைவிருக்கலாம். அவ்வகையைச் சேர்ந்த 221, 222 என்ற எண்களுடைய இரண்டும் விரைவாக முதிர்ச்சியடைய மெட்டில்-3 பதிக்கும் குறி துணைபுரிகிறது என 2019-இல் சீன ஆய்வாளர்கள் தெரிவித்தனர். முதிர்ந்த இவ்விரண்டும் பி-டென் என்னும் புற்று அடக்கி மரபணுவை ஒடுக்குகின்றன. பி-டென் செல் பெருக்கத்தின் பிரேக் போன்றது. அது தளர்ந்தால் செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகும்.

அதே ஆண்டு வெளியான மற்றொரு சீன ஆய்வு வேறொரு குறியை ஆராய்ந்தது. என்சன்-2 என்னும் எழுதி, வளர்ச்சிக் காரணி ஒன்றின் தூது ஆர்.என்.ஏ. மீது குறியைப் பதிக்கிறது. ஒய்.பி.எக்ஸ்.-1 என்னும் படிப்பி அதைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு புரதத்தையும் துணைக்கு அழைத்து, அந்த நகல் அழிக்கப்படாமல் காக்கிறது. அழிய வேண்டிய நகல் நிலைத்தால் வளர்ச்சிக் கட்டளையும் ஓயாமல் செயல்படும். சோதனைச்சாவடியில் காலாவதியான அனுமதிச்சீட்டைக் காட்டியும் லாரி மறுபடி மறுபடி கடந்து செல்வதைப் போன்றது இது.

எழுதிகள் எல்லாமே தீயவை என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. மெட்டில்-3-உடன் இணைந்து இயங்கும் மெட்டில்-14 சிறுநீர்ப்பைக் கட்டிகளில் குறைந்து காணப்படுவதாகவும், அது இருக்கும்போது கட்டியைத் தொடங்கிவைக்கும் செல்கள் அடங்கியிருப்பதாகவும் வேறொரு குழு தெரிவித்தது. ஒரே கூட்டணியில் ஒன்று முடுக்கியாகவும் மற்றொன்று தடையாகவும் செயல்படுவது எப்படி என்பது இத்துறையின் முடிச்சுகளுள் ஒன்று. ஒரு புரதத்தைக் காட்டி, இதை முடக்கினால் புற்றுநோய் தீர்ந்தது எனக் கூறும் செய்திகளை ஐயத்துடன் அணுக வேண்டியதற்கு இதுவே போதிய காரணம்.

ஆய்வகத்திலிருந்து மருத்துவமனைக்கு

மெட்டில்-3-ஐத் தடுக்கும் எஸ்.டி.சி.-15 என்னும் மாத்திரை 2022-ஆம் ஆண்டு முதல் மனிதர்களிடம் சோதிக்கப்பட்டு வருகிறது. இது பல்வகைத் திடக்கட்டிகளுக்கான தொடக்கநிலைச் சோதனையே. இந்த எழுதிகளையோ படிப்பிகளையோ குறிவைக்கும் மருந்து எதுவும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

கண்டறிதலில் ஆர்.என்.ஏ. சற்று முன்னேறியுள்ளது. சிறுநீரில் 5 தூது ஆர்.என்.ஏ.க்களின் அளவைக் கணித்துக் கட்டி திரும்பியதா எனக் காட்டும் சோதனை ஒன்று உள்ளது. அரசு மருத்துவமனைகளில் காசநோயைக் கண்டறியப் பயன்படும் ஜீன்எக்ஸ்பெர்ட் இயந்திரத்திலேயே இயங்குமாறு அது வடிவமைக்கப்பட்டுள்ளது. அது அளப்பது ஆர்.என்.ஏ.வை, அதைக் கட்டுப்படுத்தும் புரதங்களை அன்று. உள்நோக்கிப் பரிசோதனைக்கு முழு மாற்றாகவும் அது ஏற்கப்படவில்லை.

அதுவரை சிகிச்சையின் தூணாக நிற்பது, தமிழ்க் குடும்பங்கள் அனைத்தும் அறிந்த ஒரு பழைய பொருள். குழந்தை பிறந்ததும் இடது கையில் போடப்பட்டு வடுவை விட்டுச்செல்லும் பி.சி.ஜி. தடுப்பூசியின் நுண்ணுயிரைச் சிறுநீர்ப்பைக்குள் நேரடியாகச் செலுத்தினால் கட்டி திரும்புவது குறைகிறது என 1976-இல் கனடா மருத்துவர் ஆல்வரோ மொரேல்ஸ் குழுவினர் வெளியிட்டனர். உட்படலத்தோடு நின்ற, ஆனால் திரும்பி வரும் அபாயம் மிகுந்த கட்டிகளுக்கு இன்றும் அதுவே முதன்மைச் சிகிச்சை.

வலியில்லாத அறிகுறி

இந்நோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் சிறுநீரில் இரத்தம். வலி இருக்காது, ஓரிரு நாளில் தானாகவே நின்றும்விடும். வெயிலில் வேலை செய்த சூடு எனக் கருதி இளநீரோ மோரோ குடித்துவிட்டு மறந்துவிடுவோர் உண்டு. இரத்தம் நின்றது நோய் நின்றதாகாது. பெண்களிடம் இது மாதவிடாய் அல்லது சிறுநீர்த் தொற்று எனத் தவறாகக் கொள்ளப்பட்டு, நோயறிதல் மேலும் தாமதமாகிறது. ஒருமுறை கண்டாலும் சிறுநீர்ப் பரிசோதனை, ஸ்கேன், தேவையெனில் உள்நோக்கிப் பரிசோதனை என மருத்துவர் படிப்படியாக ஆராய்வார்.

எல்லைப் பகுதியினருக்கு நடைமுறைச் சிக்கல் ஒன்றும் உண்டு. தமிழகத்தின் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அம்மாநிலக் குடும்ப அட்டையை அடிப்படையாகக் கொண்டது. கேரளத்தின் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டம் கேரளப் பயனாளிகளுக்கானது. கம்பத்தில் வீடும் இடுக்கியில் வேலையுமாக இருப்போர், தங்கள் அட்டை எந்த மருத்துவமனையில் ஏற்கப்படும் என்பதையும், அறுவைக்குப் பின் ஆண்டுக்கணக்கில் தொடரும் பரிசோதனைகள் அதில் அடங்குமா என்பதையும் சிகிச்சை தொடங்கும் முன்பே காப்பீட்டு உதவி மையத்தில் கேட்டறியலாம்.