எழுத்தர் பணியும் அதன் மாண்பும்

நம் சங்கத்து அன்பர்களுக்கும் அவர்தம் இல்லத்தார்க்கும் இத்திங்கள் யாம் எடுத்துரைக்கக் கருதியது எழுத்தர் பணியின் வரலாறாகும். புளியந்தோப்பிலும், அதனை அடுத்த பெரம்பூர், வியாசர்பாடி, இராயபுரம், திருவொற்றியூர் முதலிய இடங்களிலும் வாழும் நம்மவருள், துறைமுகத்திலும் இரயில்வேயிலும் ஆலைகளிலும் மாநகராட்சியிலும் எழுத்தராகவும் உதவியாளராகவும் முப்பதாண்டு, முப்பத்தைந்தாண்டு உழைத்து ஓய்வு பெற்றோர் பலர். ஆயினும் அவர்களுட் சிலரே தம் பணியைப் பெருமையுடன் எடுத்துரைக்கின்றனர். பள்ளியில் மாணாக்கரை நோக்கி, 'நும் தந்தையார் செய்யும் தொழில் யாது?' என்று யாம் வினவுங்கால், மருத்துவர் மக்களும் பொறியாளர் மக்களும் நிமிர்ந்து நின்று விடை கூறுகின்றனர். எழுத்தர் மக்களோ, 'ஆபீசில் வேலை' என்று குரல் தாழ்த்துகின்றனர். 'வெறுங் குமாஸ்தாதானே' என்னும் வழக்கும் நம் வீடுகளிற் புகுந்துவிட்டது. இவ்விகழ்ச்சி தகுவதோ என்பதனை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வோம்.

முதற்கண் பெயர்களை நோக்குவோம். குமாஸ்தா என்பது பாரசீக மொழியினின்று வந்த சொல்; பிறரால் அமர்த்தப்பெற்று அவர்பொருட்டுக் காரியம் பார்ப்பவன் என்பது அதன் பொருள். அச்சொல் வருமுன்னரே கரணத்தான், கணக்கன், ஓலை எழுதுவோன், இராயசம், சம்பிரதி எனப் பல பெயர்கள் நம் நாட்டில் வழங்கின. பெயர் மாறினும் பணி ஒன்றே. கூறப்பட்டதனைப் பிழையின்றி எழுதுதலும், எழுதியதனைக் காத்தலும், கேட்டபொழுது எடுத்துக் காட்டுதலுமே அது.

சோழர் காலத்தில் இப்பணி எத்துணை மதிப்புற்றிருந்தது என்பதற்குச் செப்பேடுகளும் கல்வெட்டுக்களும் சான்றாவன. அரசன் வாய்மொழியாக ஆணையிட்ட அளவில் ஒரு கொடை நிறைவேறிவிடாது. அவ்வாணையைத் திருமந்திர ஓலை எழுதுவோன் எழுதுதல் வேண்டும். திருமந்திர ஓலை நாயகம் அதனை ஒப்புக்கோடல் வேண்டும். பின்னர்ப் புரவுவரித் திணைக்களத்தார் அதனை வரிப்பொத்தகத்திற் பதிதல் வேண்டும். இங்ஙனம் பலர் கை கடந்த பின்னரே அரசன் சொல் நடைமுறைக்கு வந்தது. இப்பணியாளர் பெயர்களையும் ஊர்களையும் செப்பேடுகளிலேயே பொறித்து வைத்தனர். தஞ்சைப் பெருங்கோயிலை எடுப்பித்த முதல் இராசராசன், அக்கோயிற்குக் கணக்கரையும் கீழ்க்கணக்கரையும் அனுப்புமாறு ஊர்ச்சபைகளுக்கு ஆணையிட்டதனைக் கல்வெட்டிற் காண்கின்றோம். கி. பி. 921-ஆம் ஆண்டைச் சார்ந்த உத்தரமேரூர்க் கல்வெட்டோ, வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதொழிந்தவர்க்கும் அவர்தம் உறவினர்க்கும் மீண்டும் வாரியத்தில் இடமில்லை என விதிக்கின்றது. கணக்கு ஒழுங்காயிருத்தலே ஊராட்சியின் உயிர்நாடி என்பது அக்காலத்தார் துணிபு.

இனி நம் பகுதிக்கு அண்மையிலுள்ள சான்றொன்று கூறுவோம். 1709-ஆம் ஆண்டில் பெரம்பூரிற் பிறந்து, இளமையிலேயே புதுச்சேரி சென்று, பிரெஞ்சு ஆளுநரிடம் துபாஷியாகப் பணிசெய்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. இவர் செல்வம் மிக்க வணிகருமாவர். எனவே இவரை எழுத்தர் என்றே கூறிவிடுதல் பொருந்தாது. எனினும், ஓர் ஆளுநரின் அருகிருந்து உதவிபுரிந்தவர் என்ற வகையில் இவர் நம் பொருளுக்கு உரியவரே. 1736 முதல் 1761-இல் தாம் மறையும் ஆண்டுவரை, தாம் கண்டனவும் கேட்டனவும் தமிழில் நாட்குறிப்பாக எழுதி வந்தார். கப்பல் வந்தமை, சரக்கின் விலை, ஆளுநர் கூறிய சொல், ஊரார் பேசிக்கொண்ட பேச்சு ஆகியன எல்லாம் அதில் உள்ளன. இங்கிலாந்தில் கடற்படை அலுவலகத்தில் எழுத்தராயிருந்த சாமுவேல் பெப்பீசு என்பார் 1660 முதல் 1669 வரை எழுதிய நாட்குறிப்பு உலகப் புகழ் பெற்றது. நம் பிள்ளையவர்களின் குறிப்போ இருபத்தைந்து ஆண்டுகளைத் தழுவியது. சென்னை அரசாங்கத்தார் 1904 முதல் 1928 வரை அதனைப் பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டனர். டூப்ளே 1754-இல் பதவியிழந்து கப்பலேறினார். அவர்தம் ஆட்சியின் அன்றாட நடப்பை இன்று நாம் அறிதற்கு உதவுவது, அருகிருந்தவர் எழுதி வைத்த அக்குறிப்பே.

உதவியாளர்க்குரிய புகழ் எப்பொழுதும் அவர்க்குக் கிட்டிற்று என்று கூறுதற்கில்லை. கர்னல் காலின் மெக்கன்சி என்னும் நில அளவைத் துரை தென்னாட்டுக் கல்வெட்டுக்களையும் சுவடிகளையும் ஊர் வரலாறுகளையும் தொகுத்தார் எனப் படிக்கின்றோம். அவர் நம் மொழிகளை நன்கு அறிந்தவரல்லர். ஊர்தோறும் சென்று பெரியோரை வினவிப் படியெடுத்து மொழிபெயர்த்தவர் அவர்தம் உதவியாளரே. அவருள் தலைசிறந்த காவலி வெங்கட போரய்யா 1803-இல் இளமையிலேயே மறைந்தார். அவர்தம் உடன்பிறந்தாரான இலட்சுமய்யா அப்பொறுப்பை ஏற்று, 1821-இல் துரை மறையும்வரை உடனிருந்தார். பின்னர் அத்தொகுப்புப் பணியைத் தாமே தொடர விரும்பிய இலட்சுமய்யாவுக்கு அதற்கு இடந்தரப்பெறவில்லை. இன்று சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உள்ள அச்சுவடிகள் மெக்கன்சி பெயராலேயே வழங்குகின்றன. இக்குறையை நாம் மறைத்தல் வேண்டா. ஆயினும் அவ்வுதவியாளர் எழுதாதிருப்பின் எத்தனையோ ஊர்களின் பழங்கதை அடியோடு அழிந்திருக்கும் என்பதனையும் மறத்தல் வேண்டா.

தமிழ் பயின்ற எம்மனோர் நாள்தோறும் நன்றியுடன் நினைத்தற்குரிய எழுத்தர் ஒருவர் உளர். அவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832-இல் தோன்றிய சி. வை. தாமோதரம் பிள்ளையவர்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் முதன்முதல் நடத்திய பி. ஏ. தேர்வில் வெற்றி பெற்ற இவர், ஆசிரியராகப் பணிபுரிந்தபின், சென்னை அரசினர் வரவு செலவுக் கணக்குச் சாலையில் அமர்ந்து, விசாரணைக் கர்த்தராய் உயர்ந்து, 1882-இல் ஓய்வு பெற்றார். பகற்பொழுது அரசாங்கத்தின் வரவு செலவுக்கு. எஞ்சிய பொழுது ஏட்டுச் சுவடிக்கு. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் 1868-இலும், வீரசோழியத்தை 1881-இலும், கலித்தொகையை 1887-இலும் பதிப்பித்தார். தொட்டால் ஒடியும் ஏடுகளை ஊரூராகத் தேடிப் பெற்று, ஒரு படியை மற்றொரு படியுடன் ஒப்புநோக்கி, வேறுபாட்டைக் குறித்துக் கொள்ளும் வேலை அது. பேரேட்டை அடங்கலுடன் ஒத்துப் பார்க்கும் கணக்கர்க்குக் கைவந்த பொறுமையே ஈண்டும் உதவிற்று என யாம் கருதுகின்றோம். கணக்குச் சாலையில் வாழ்நாளைக் கழித்தமையால் அறிவு மழுங்கிவிடும் என்பார்க்கு இவர் வாழ்வே விடையாகும்.

நம் பகுதியின் துறைமுகத்திற்கு வருவோம். சென்னைத் துறைமுகக் காரியாலயத்தின் கணக்குப் பிரிவில் 1912-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள் இளைஞர் ஒருவர் எழுத்தராகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் ரூ. 30. அவர் பெயர் சீனிவாச இராமானுசன். 1913 சனவரி 16-இல் கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதத்தில், தம்மைத் துறைமுகக் கணக்குப் பிரிவின் எழுத்தர் என்றே முதலில் அறிமுகப்படுத்திக் கொண்டார். தம் சிறு சம்பளத்தையும் ஒளிக்கவில்லை. இக்கதையை அனைவரும் அறிவர். அனைவரும் அறியாதது, அதே காரியாலயத்தில் அவர்க்கு மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரின் தொண்டு. அவரும் கணிதம் கற்றவர். இராமானுசன் இரண்டு படியிற் கூறியதனைப் பிறர்க்கு விளங்குமாறு இடைப்படிகளை நிரப்பி எழுதும்படி தூண்டியவரும், துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கிடம் அவர்பொருட்டுப் பேசியவரும் அவரே. 1913-இல் பல்கலைக்கழகம் மாதம் ரூ. 75 உதவித்தொகை அளிக்க, 1914 மார்ச்சில் இராமானுசன் கப்பலேறினார். ஒரு மேதையை உலகிற்கு அனுப்பிவைத்த பெருமையில் அக்கணக்குப் பிரிவுக்கும் பங்குண்டு. மேதைகள் அரியர், அவரை அறிந்து தாங்குவோரும் வேண்டுமன்றோ?

இதுகாறும் புகழ்பெற்றோரைக் கூறினோம். இனி நம் குடும்பங்கட்கு மிக நெருங்கிய செய்தியைக் கூறுவோம். எழுதுகோல் நெடுங்காலமாக எல்லார் கைக்கும் எட்டவில்லை. கிராமக் கணக்கு தந்தையினின்று மகனுக்குப் பரம்பரையாக இறங்கிற்று. நகரத்துக் காரியாலயங்களிலும் ஒரு சிலரே நிறைந்திருந்தனர். நீதிக்கட்சி அமைச்சரவைக் காலத்தில், 1921-இல், அரசாங்க வேலைகளைப் பல வகுப்பினர்க்கும் பகிர்ந்தளிக்கும் ஆணை பிறந்தது. 1927-இல் அது செம்மை செய்யப்பெற்றது. 1929-இல் சென்னை மாகாணத்தில் தேர்வாணையம் ஏற்பட்டது. இந்திய மாகாணங்களுள் இதுவே முதலாவது. 1980-இல் பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் தமிழ்நாட்டில் நீக்கப்பெற்றன. அவ்விடத்திற்குத் தேர்வு எழுதி வருவோர் கிராம நிர்வாக அலுவலராயினர். இன்று புளியந்தோப்பின் எந்தத் தெருவிற் பிறந்த மகளும் மகனும், இளநிலை உதவியாளர் பணிக்கு ஒரே வினாத்தாளை எழுதலாம். நம் முன்னோர் வாயிலில் நின்று மனுவெழுதப் பிறரை வேண்டி நின்றனர். அவர் பேரப்பிள்ளைகள் உள்ளே மேசையிலமர்ந்து மனுவைப் பெறுகின்றனர். இவ்வளவு போராடிப் பெற்ற நாற்காலியை 'வெறும்' என்னும் அடைமொழியால் இழித்துரைத்தல் நன்றன்று.

பெருமை பேசுங்கால் பொறுப்பையும் பேசுதல் கடன். எழுதுகோல் உதவவும் வல்லது, ஊறு செய்யவும் வல்லது. கணக்கன் ஒரு கோட்டை மாற்றி எழுதியதனால் நிலமிழந்த குடிகள் உண்டு. 'நாளை வா' என்னும் ஒரு சொல்லால் மெலிந்த கைம்பெண்கள் உண்டு. நம் பகுதியின் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகளை எண்ணுக. பல தலைமுறைக்குச் சோறளித்த அவ்வாலைகள் 1996-இல் மூடப்பெற்றன. ஓராலை மூடப்பட்டபின் தொழிலாளிக்கு எஞ்சுவது பதிவேட்டில் உள்ள அவன் பெயர் ஒன்றே. 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்தாண்டு தொடர்ந்து உழைத்தவனுக்கு, நிறைவுற்ற ஒவ்வோராண்டிற்கும் பதினைந்து நாட்கூலி உரித்தாயிருந்தது. வருகைப் பதிவில் ஓராண்டு விடுபடின் பதினைந்து நாட்கூலி போயிற்று. சேர்ந்த நாள் பிழைபடினும், தந்தை பெயரில் ஓரெழுத்துத் திரியினும், சேமநிதிக்காக அவன் அலையும் அலைச்சலுக்கு அளவில்லை. ஆகலின், யாரும் பாராத பொழுதும் அப்பதிவைச் சரியாக எழுதிய எழுத்தர் ஒரு குடும்பத்தின் முதுமைக்குக் காவலராவர். அவர்க்கு மாலையும் இல்லை. அவர் பெயரும் அப்பக்கத்தில் இல்லை. எனினும் அவர் செய்தது அறமே.

கணிப்பொறி வந்தபின் எழுத்தர் எதற்கு என்று வினவுவாரும் உளர். பொறி, தன்னிடம் இட்டதனையே திருப்பித் தரும். இட்டது மெய்யோ என ஆராய்வதும், வந்தவர் கூற மறந்ததனைக் கேட்டறிவதும், பத்தாண்டுக்கு முன் இதுபோன்றதொரு வழக்கு எவ்வாறு முடிந்தது என நினைவுகூர்வதும் நெடுநாட் பழகிய உதவியாளர்க்கே இயலும். அதிகாரிகள் மூன்றாண்டிற்கொருமுறை மாறுவர். காரியாலயத்தின் நினைவு உதவியாளரிடமே தங்கும்.

இறுதியாக, நம் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். எழும்பூரில் 1909-இல் எழுந்த ஆவணக் காப்பகக் கட்டடத்தில், 1670-ஆம் ஆண்டு தொடங்கிய அரசாங்கப் பதிவுகள் காக்கப்படுகின்றன. அவற்றுட் பெரும்பகுதி பெயர் தெரியா எழுத்தர் கைபட எழுதியது. அப்பெரும் பணியில் நம் குடும்பத்தாரும் பங்குகொண்டனர் என்பதற்குச் சான்று நம் வீட்டுப் பெட்டிகளில் உறங்குகின்றது. தந்தையார், பாட்டனார் பெற்ற நியமன ஆணை, பணிப்பதிவேட்டின் படி, ஓய்வுநாளில் உடன் பணிபுரிந்தோர் எழுதியளித்த வாழ்த்து மடல் ஆகியவற்றைப் பழந்தாளுடன் சேர்த்து எடைக்கு இடாது பேணி வைப்பீராக. ஓய்வு பெற்ற பெரியோர், தாம் சேர்ந்த ஆண்டு, பெற்ற முதற் சம்பளம், பார்த்த பிரிவுகள், கண்ட மாற்றங்கள் ஆகியவற்றை நான்கு பக்கமாயினும் தம் கைப்பட எழுதிப் பிள்ளைகளிடம் அளிப்பாராக. பெண்மக்கள் தட்டச்சராகவும் உதவியாளராகவும் உழைத்த வரலாறு இன்னும் மிகுதியாக எழுதப்படாதுள்ளது. அவர்கள் முற்பட்டு எழுதுதல் சிறப்பு. பிறர் வரலாற்றையெல்லாம் வாழ்நாள் முழுதும் எழுதிவைத்தவர், தம் வரலாற்றையும் சில பக்கம் எழுதுதல் முறையேயன்றோ?