வேலைக்காரியின் நூறு கில்டர்

மாமல்லபுரத்துக்கு வருகிறவர்களில் பலர் பல்லவன் கல்லில் செதுக்கியதைப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு சென்னைக்குத் திரும்பிவிடுகிறார்கள். கடற்கரையோடு இன்னும் சுமார் 15 கிலோமீட்டர் தெற்கே போனால், டச்சுக்காரன் செங்கல்லில் கட்டியதையும் பார்க்கலாம். சதுரங்கப்பட்டினம் என்பது ஊரின் பெயர். டச்சுக்காரன் வாயில் நுழையாமல் அது சத்ராஸ் ஆயிற்று. செங்கற்பட்டிலிருந்து வருவதானால் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டி நேரே கிழக்கே வரவேண்டும். பக்கத்திலேயே கல்பாக்கம். 1984 முதல் அங்கே அணுவிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள்.

கோட்டைக்குள் பெரிய கிடங்குகள் இருக்கின்றன. சிறு மயானம் ஒன்றும் இருக்கிறது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இறந்தவர்களின் மேல் கிடத்திய கற்களில் டச்சு எழுத்தும் குலச் சின்னங்களும் வெகு நேர்த்தியாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் கற்களைப் பார்த்தபோது எனக்கு ராஜாக்களைப் பற்றியோ பீரங்கிகளைப் பற்றியோ நினைப்பு வரவில்லை. இந்தக் கோட்டை யாருடைய பணத்தில் எழுந்தது என்ற கேள்விதான் வந்தது. எந்த ராஜாவும் இதைக் கட்டவில்லை. ஒரு கம்பெனி கட்டிற்று. கம்பெனி என்றால் பங்குதாரர்கள். பங்குதாரர்கள் என்றால் யார்?

இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1602 மார்ச் 20ஆம் தேதி சாசனம் கிடைத்தது. டச்சு மாகாணங்களில் வசிக்கும் எவரும் அதில் பணம் போடலாம்; இவ்வளவுக்குக் குறையக் கூடாது, இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பு இல்லை. ஆகஸ்டு 31 கடைசி நாள். ஆம்ஸ்டர்டாமில் டிர்க் வான் ஓஸ் என்ற வியாபாரியின் வீட்டில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பெயர் எழுதினார்கள். அந்த ஒரு நகரத்தில் மட்டும் 1,143 பேர் கையெழுத்திட்டார்கள். ஆறு நகரங்களிலுமாகச் சேர்ந்த மூலதனம் சுமார் 64 லட்சம் கில்டர்.

பெரிய வியாபாரிகள் பல்லாயிரக் கணக்கில் போட்டார்கள். அவர்களைப் பற்றி எனக்கு அக்கறை இல்லை. கடைசி நாளில் அந்த வீட்டு வேலைக்காரி, நேல்ட்கென் கொர்னேலிஸ் என்பவள், 100 கில்டருக்குத் தன் பெயரையும் எழுதச் சொன்னாள். அவளுடைய ஒரு நாள் சம்பாத்தியம் அரைக் கில்டருக்கு மேல் இராது. ஆகவே அந்த நூறு கில்டர், குறைந்தது இருநூறு நாள் கூலி. மாதக் கணக்காக வருகிறவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டு, கூடத்தில் அவர்கள் பேசுகிற பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்திருப்பாள். ஜாதிக்காயும் கிராம்பும் எந்தத் திசையில் விளைகின்றன என்பதுகூட அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இவ்வளவு பெரிய மனிதர்கள் போடுகிறார்களே, நாமும் போட்டால் என்ன என்று தோன்றியிருக்கும். சிறு முதலீட்டாளரின் மனம் அன்றைக்கு எப்படி இருந்ததோ, இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

கம்பெனிக்கு வேண்டியது மிளகும் ஜாதிக்காயும். ஆனால் மொலுக்காத் தீவுக்காரர்கள் வெறும் வெள்ளிக்கு மயங்குகிறவர்கள் அல்ல. அவர்களுக்குத் துணி வேண்டும்; அதுவும் சோழமண்டலக் கரைத் துணி. 1612-ல் ஹென்ட்ரிக் பிரௌவர் என்ற கம்பெனி அதிகாரி இந்தக் கரையை மொலுக்காவின் இடது கை என்று வர்ணித்தார். இங்கே துணி கிடைக்காவிட்டால் அங்கே வியாபாரமே இல்லை என்று அர்த்தம். 1610-ல் பழவேற்காட்டில் கால் ஊன்றியவர்கள், அந்த நூற்றாண்டிலேயே சதுரங்கப்பட்டினத்துக்கும் வந்து சேர்ந்தார்கள். இந்த ஊர் மெல்லிய சல்லாத் துணிக்குப் பெயர் போனது.

ஆகக் கூடி, அந்தப் பெரிய கம்பெனி உடம்பில் அணிகிற ஒரு சரக்கை நம்பி நடந்தது. அணிகிற சரக்கில் ஒரு சங்கடம் உண்டு. மிளகு மிளகுதான், யாரும் வாங்குவார்கள். துணி அப்படியல்ல. ஒவ்வொரு தீவுக்கும் ஒரு கரை, ஒரு நிறம், ஒரு நீளம். பிடித்தால் உடுத்துவார்கள். பிடிக்காவிட்டால் எத்தனை புஞ்சம் இழை போட்டு நெய்தாலும் கிடங்கில் மக்க வேண்டியதுதான். ஆம்ஸ்டர்டாம் பங்குதாரன் அந்தத் துணியைக் கண்ணால் பார்த்ததில்லை. அதை உடுத்துகிறவனையும் பார்த்ததில்லை. கப்பல் போய்ச் சேரவே எட்டு மாதம் ஆகும். சேதி திரும்பி வர மறுபடியும் அவ்வளவு. அவன் பேசிக்கொண்டிருந்ததெல்லாம் ஒரு வருஷத்துக்கு முந்திய நிலவரம்.

பேச்சு மட்டும் ஓயவில்லை. பங்கு வாங்கி விற்பதற்கு முதலில் பாலத்தடியில் கூடினார்கள். 1611-ல் வியாபாரிகள் கூடுவதற்கென்று ஒரு மண்டபம் வந்தது; பங்கு பேரமும் அங்கே நடந்தது. கம்பெனியோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியேறிய ஐசக் லெமேர் என்பவர், 1609-ல் கையில் இல்லாத பங்குகளை முன்பேரமாக விற்று விலையை இறக்கப் பார்த்தார். மறு வருஷமே அதற்குத் தடை பிறந்தது. 1688-ல் ஜோசப் டெ லா வேகா என்ற யூத வியாபாரி பங்கு மார்க்கெட்டைப் பற்றி ஸ்பானிய மொழியில் ஒரு புத்தகமே எழுதிவிட்டார். ஒரு தத்துவஞானி, ஒரு வியாபாரி, ஒரு பங்குதாரர் ஆகிய மூவரும் உட்கார்ந்து பேசுவது போன்ற புத்தகம். முழுப் பங்குக்கு வக்கில்லாத சாமானியர்களுக்காகப் பத்தில் ஒரு பங்கை வைத்து ஆடிய சூதாட்டத்தையும் அவர் சொல்கிறார். அதே வருஷம் யுத்தச் சேதி பரவி விலை சரிந்ததில் பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

இந்தப் பேச்சிலெல்லாம் கம்பெனியின் எதிர்காலம் அடிபட்டது, நிகழ்காலம் அடிபடவில்லை. காரணம் எளிது. கம்பெனி கணக்குக் காட்டவில்லை. பத்து வருஷம் கழித்து, அதாவது 1612-ல், வரவு செலவை விரித்துக் காட்ட வேண்டும், விரும்புகிறவர்கள் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகலாம் என்று சாசனத்தில் எழுதியிருந்தது. நாள் வந்தபோது டைரக்டர்கள் அரசாங்கத்திடம் சொல்லி அந்த ஷரத்தைத் தட்டிக் கழித்துவிட்டார்கள். லாபமோ 1610-ல்தான் முதல் தடவையாகக் கொடுத்தார்கள். அதையும் பணமாகக் கொடுக்கவில்லை, பெரும்பாலும் ஜாதிபத்திரியாகவும் மிளகாகவும் கொடுத்தார்கள். ஒரே சமயத்தில் எல்லோரும் அதை விற்கக் கிளம்பினால் விலை என்ன ஆகும்? வீட்டில் மூட்டையை வைத்துக்கொண்டு திண்டாட வேண்டியதுதான். 1622-ல் பங்குதாரர்கள் பிரசுரம் அச்சிட்டுக் கணக்கு எங்கே என்று கூச்சல் போட்டார்கள். மறு வருஷம் சாசனம் புதுப்பிக்கப்பட்டபோது சில சலுகைகள் கிடைத்தன. முழுக் கணக்குக் கிடைக்கவில்லை.

போட்ட பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. ஆனால் பங்கை இன்னொருவன் தலையில் கட்டலாம். சிறியவனுக்கு இருந்த ஒரே வாசல் அதுதான். பங்கு மார்க்கெட் பிறந்த கதையே இந்த ஒரு வாசலின் கதை என்று நான் நினைக்கிறேன்.

இனி இந்தக் கரைக்கு வருவோம். இங்கேயும் பங்குதாரர்கள் இருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. டச்சுக்காரர்களுக்குத் துணி சேர்த்துக் கொடுக்கும் உள்ளூர் வியாபாரிகள் ஆளுக்கொரு தொகை போட்டுக் கூட்டுக் கம்பெனி அமைத்து, பங்குக்குத் தக்கபடி லாபத்தைப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு 17ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே பழவேற்காட்டில் ஆரம்பமாயிற்று. கரையிலுள்ள மற்றத் துறைகளுக்கும் அது பரவிற்று. சென்னையில் இங்கிலீஷ்காரர்களும் அதைப் பார்த்துக் காப்பியடித்தார்கள். தனித் தனியே போட்டியிட்டுத் துணி விலையை ஏற்றாமல், எல்லோரும் ஒரே கட்டாக நின்றால் கம்பெனிக்குச் சௌகரியம். கொடுத்த முன்பணம் மூழ்கினால் ஜவாப் சொல்லவும் ஆள் இருக்கும்.

வியாபாரிக்குக் கீழே தரகன். தரகனுக்குக் கீழே தறியில் உட்கார்ந்திருந்த நெசவாளி. அவனுக்குப் பங்கு கிடையாது, முன்பணம் உண்டு. நூல் வாங்கவும் வயிற்றைக் கழுவவும் அதுதான். ஆனால் அவனுக்கும் ஒரு வாசல் இருந்தது. வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வியாபாரிக்கு நெய்யப் போகலாம் என்பது தென்னாட்டு வழக்கம். விலை கட்டுப்படியாகவில்லை என்றால் தறியைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்கே போய்விடுவதும் உண்டு. ஆம்ஸ்டர்டாம் பங்குதாரன் பங்கை விற்றுவிட்டுப் போனான். செங்கற்பட்டுச் சீமை நெசவாளி முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. இருவருடைய மானத்தையும் காத்தது, போகலாம் என்ற இந்த ஒரு சுதந்திரம். 1763-ல் செங்கற்பட்டு ஜாகீர் இங்கிலீஷ் கம்பெனியின் கைக்கு வந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் நெசவாளியின் வாசலை அடைத்துவிட்டார்கள். ஒரே ஒருவன்தான் வாங்குவான் என்றான பிறகு முன்பணம் கடனாயிற்று, கடன் விலங்காயிற்று.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 17ஆம் நூற்றாண்டில் பஞ்சம் வந்த போதெல்லாம் இந்தக் கரையிலிருந்து கம்பெனிக் கப்பல்களில் துணி மட்டும் ஏறவில்லை. சோற்றுக்கில்லாமல் தங்களையும் குழந்தைகளையும் விற்ற ஜனங்களும் அடிமைகளாக ஏற்றப்பட்டார்கள். ஆம்ஸ்டர்டாமில் பிரித்துக் கொடுத்த லாபத்தில் இந்தச் சரக்கின் பங்கு எவ்வளவு என்று எந்தப் பங்குதாரனும் கேட்கவில்லை. கணக்கு எங்கே என்று கூச்சல் போட்டவர்களும் இந்தக் கணக்கைக் கேட்கவில்லை.

கம்பெனியின் முடிவு எல்லோரும் அறிந்ததே. 1780-ல் இங்கிலாந்தோடு யுத்தம் மூண்டது. மறு வருஷம் நாகப்பட்டினமும் சதுரங்கப்பட்டினமும் போயின. பத்துக் கோடி கில்டரைத் தாண்டிய கடனோடு 1796-ல் கம்பெனி அரசாங்கத்தின் கைக்கு மாறிற்று; 1799 கடைசியில் சாசனமும் காலாவதியாயிற்று. சதுரங்கப்பட்டினம் சில தடவை கை மாறி, 1824 உடன்படிக்கைக்குப் பிறகு இங்கிலீஷ்காரர்களுக்கே சொந்தமாயிற்று.

இது பழங்கதை என்று தள்ளிவிட முடியவில்லை. நம் காலத்தில் மூக்குக்கண்ணாடியிலேயே படம் காட்டும் கம்பெனிகள் தோன்றியிருக்கின்றன. 1993-ல் அமெரிக்காவில் மைக்ரோவிஷன் என்ற கம்பெனி, ஒளிக்கதிரைக் கொண்டு விழித்திரை மேலேயே படம் எழுதும் வித்தையோடு கிளம்பிற்று. 1996-ல் பங்கு மார்க்கெட்டுக்கு வந்தது. தலையில் மாட்டிக்கொள்ளும் ஒரு கருவியைப் படைவீரர்களுக்கும் மோட்டார் மெக்கானிக்குகளுக்கும் விற்றுப் பார்த்தது. எதிர்பார்த்தபடி ஜனங்கள் மாட்டிக்கொள்ளவில்லை. பின்னாளில் கார்களுக்குக் கண் கொடுக்கும் வேலைக்குத் திரும்பிற்று. கூகுள் போன்ற பிரம்மாண்டமான கம்பெனியே 1,500 டாலருக்கு விற்ற கண்ணாடியை 2015 ஜனவரியில் பொதுஜனங்களுக்கு விற்பதை நிறுத்திக்கொண்டது. வித்தை பொய்யல்ல, படம் தெரியத்தான் செய்தது. ஆனால் அணிகிற சரக்கு. அணிகிறவன் முகத்துக்குப் பொருந்த வேண்டும். எதிரில் நிற்கிறவன் முகம் சுளிக்காமல் இருக்க வேண்டும். மொலுக்காத் தீவுக்காரன் துணியின் கரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

இத்தகைய பங்குகளை வைத்திருக்கும் சிறு ஆட்கள் ராவும் பகலும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அடுத்த வருஷம் பெரிய ஆர்டர் வரும் என்கிறார் ஒருவர். பெரிய கம்பெனி ஒன்று விலைக்கு வாங்கப்போகிறது என்கிறார் இன்னொருவர். டெ லா வேகாவின் மூன்று பேரும் இப்படித்தான் பேசினார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனமில்லை. இருநூறு நாள் கூலியை ஒன்றில் போட்டவன் அதைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பற்றிப் பேசுவான்?

ஒரு வித்தியாசம் மட்டும் சொல்லலாம். 1622-ல் தொண்டை வரளக் கத்தியும் கிடைக்காத கணக்கு இன்றைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அச்சாகி வருகிறது. கேட்டவர்கள் செத்துப்போன பிறகு கிடைத்த வரம் அது. பேசுகிற நேரத்தில் கால் பங்கை அதைப் படிப்பதற்குச் செலவிடலாம். படிக்கும்போது லாப நஷ்டத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், இந்தச் சரக்கை யார் கையால் செய்கிறார்கள், அவர்களுக்குப் போவதற்கு வாசல் இருக்கிறதா என்றும் ஒரு வரி தேடிப் பார்க்கலாம். அந்த வரி பெரும்பாலும் இருக்காது. ஆனாலும், 1622-ல் யாரும் கேட்காத கேள்வியை இன்றைக்கு ஒருவராவது கேட்டதாக இருக்கட்டும்.