கல்லீரல் கட்டியைச் சூழ்ந்த உயிரணுக்கள்: ஒரு சிங்கப்பூர் ஆய்வின் வரலாறு

புற்றுக்கட்டியில் புற்றணுக்கள் மட்டும் இருப்பதில்லை. இரத்தக்குழாயின் உட்சுவர் உயிரணுக்கள், இணைப்புத் திசுவை உருவாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள், கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ்கள், நோயெதிர்ப்புப் பணி செய்யும் டி உயிரணுக்கள் எனப் பலவும் அதில் கலந்திருக்கின்றன. 1863இல் ருடால்ஃப் விர்ஹோ புற்றுத் திசுவில் வெள்ளணுக்களைக் கண்டார். 1889இல் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீஃபன் பேஜட், விதைக்கு ஏற்ற நிலம் போலத் தனக்கு இசைவான உறுப்பில்தான் பரவும் புற்று வேர்கொள்ளும் என்று எழுதினார். ஆனாலும் அடுத்த நூறாண்டின் பெரும்பகுதியில் மருத்துவத்தின் கவனம் விதைமீதே இருந்தது.

நிலத்தை, அதாவது கட்டியின் சூழலை, ஆராய்வதில் சிங்கப்பூருக்கும் பங்குண்டு. அதைச் செய்த ஆய்வுக்கூடங்களின் முன்கதை ஜூரோங்கில் தொடங்குகிறது. சதுப்பும் குன்றுமாகக் கிடந்த ஜூரோங்கை 1961 முதல் நிதியமைச்சர் கோ கெங் சுவீ தொழிற்பேட்டையாக மாற்ற முனைந்தார். அதை நிர்வகிக்க 1968இல் ஜூரோங் நகராண்மைக் கழகம் அமைந்தது. தொழிற்பேட்டையை நிர்வகித்த அதே கழகம் 2003இல் புவன விஸ்தா அருகே பயோபோலிஸ் ஆய்வு வளாகத்தைக் கட்டித் திறந்தது. சிங்கப்பூர் ஜீனோம் கழகமும் நோயெதிர்ப்பியல் ஆய்வகங்களும் அங்கே குடியேறின.

இதற்கிடையே சிகிச்சை மாறியது. டி உயிரணுக்களின் தடைகளை விடுவிக்கும் முதல் மருந்தான இபிலிமுமாப் 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இவ்வகைச் சிகிச்சைக்கு அடித்தளமிட்ட ஜேம்ஸ் அலிசனும் தசுக்கு ஹோன்ஜோவும் 2018இல் நோபெல் பரிசு பெற்றனர். ஆனால் கல்லீரல் புற்றில் பலன் குறைவாகவே இருந்தது. இவ்வகை மருந்தான நிவோலுமாபைத் தனியாகக் கொடுத்த பெரிய சோதனையில், பழைய மருந்தான சொராஃபெனிபைவிட ஆயுள் கூடியதாக உறுதிப்படவில்லை. ஹெப்பட்டைட்டிஸ் பி காரணமாகக் கல்லீரல் புற்று மிகுந்த ஆசியாவுக்கு இது பெரும் ஏமாற்றம். பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் அந்நோய்க்கான தடுப்பூசி போடுவதைச் சிங்கப்பூர் 1987இலேயே தொடங்கிவிட்டது. எனினும் அதற்கு முன் பிறந்த பெரும்பாலோருக்குப் பிறந்த உடனே அந்தக் காப்பு கிடைக்கவில்லை.

சிகிச்சையின் பலன் குறைந்ததற்கு ஒரு காரணம் 2020இல் தெளிந்தது. அங்குர் சர்மா, ஃப்ளோரன் ஜின்ஹூ, ராமானுஜ் தாஸ்குப்தா ஆகியோரின் சிங்கப்பூர்க் குழு, மனிதக் கரு, கல்லீரல் கட்டி, எலியின் கல்லீரல் ஆகியவற்றிலிருந்து ஏறத்தாழ 2,12,000 உயிரணுக்களைத் தனித்தனியே ஆராய்ந்து ‘செல்’ இதழில் முடிவை வெளியிட்டது. கருவின் கல்லீரலில் காணப்படும் இரத்தக்குழாய் உயிரணுக்களும் மேக்ரோஃபேஜ்களும் கட்டியில் மீண்டும் தோன்றியிருந்தன. இரத்தக்குழாய் வளர்ச்சியைத் தூண்டும் விஇஜிஎஃப் புரதமும் நாட்ச் எனும் உயிரணுச் சமிக்ஞையும் அவற்றை அக்கருநிலையில் வைத்திருந்தன. அந்த மேக்ரோஃபேஜ்கள், எதிர்ப்பாற்றலை அடக்கும் டி உயிரணுக்களோடு உறவாடின. வளரும் உறுப்புக்கு உரிய ஏற்பாட்டைக் கட்டி தன் காவலுக்குத் திருப்பிக்கொள்கிறது என்பதே இக்கண்டுபிடிப்பின் ஆழமான செய்தி.

அதே 2020இல் 501 நோயாளிகளிடம் நடந்த பன்னாட்டுச் சோதனையின் முடிவு வந்தது. டி உயிரணுத் தடையை நீக்கும் அட்டெசோலிசுமாபையும் விஇஜிஎஃப்பை முடக்கும் பெவாசிசுமாபையும் சேர்த்துப் பெற்றவர்களில் 67.2 விழுக்காட்டினர் ஓராண்டுக்குப் பின்னும் உயிரோடிருந்தனர். சொராஃபெனிப் பெற்றவர்களில் அது 54.6 விழுக்காடு. சூழலையும் சேர்த்துத் தாக்குவது ஏன் பயன் தரக்கூடும் என்பதற்குச் சிங்கப்பூர் ஆய்வு ஒரு விளக்கமாக அமைந்தது.

2024இல் ‘நேச்சர் கேன்சர்’ இதழில் வந்த தொடர் ஆய்வு, ஒருவகை ஃபைப்ரோபிளாஸ்ட்டும் இந்தக் கருநிலைச் சூழலின் அங்கம் என்று காட்டியது. நோய் விரைவில் திரும்புவதும் நோயெதிர்ப்புச் சிகிச்சைக்கு உடல் இசைவதும் இச்சூழலோடு தொடர்புடையவை என்றும் அது கண்டது. எந்த நோயாளிக்கு எந்தச் சிகிச்சை பொருந்தும் என்பதை இவ்வடையாளங்களைக் கொண்டு முன்கூட்டியே பிரித்தறிவதற்கான வாய்ப்பை அவ்வாய்வு முன்வைத்தது.