மாதனூர் வட்டார மலைவழிகள்

மாதனூர் வட்டார மலைவழிகள் என்பவை, பாலாற்றங்கரைச் சமவெளிக்கும் அதன் தெற்கே உயரும் ஜவ்வாது மலைத்தொடரின் சிற்றூர்களுக்கும் இடையிலுள்ள ஒற்றையடிப் பாதைகளும் மண்சாலைகளும் ஆகும். மாதனூர் ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் இடையே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ளது. 2019இல் வேலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. நாயக்கனேரி மலை ஊராட்சி மாதனூர் ஒன்றியத்தைச் சேர்ந்தது. பீஞ்சமந்தை, அல்லேரி முதலியவை வேலூர் மாவட்டத்தின் அணைக்கட்டுப் பகுதியில் உள்ளன.

மக்களும் பொருள்களும்

இம்மலைகளில் பெரும்பாலும் பழங்குடிப் பட்டியலிலுள்ள மலையாளிகள் வாழ்கின்றனர். பெயர் ஒன்றாயினும் கேரளத்தாருக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாக இவர்களின் வாய்மொழிக் கதை கூறும். சாமையும் கேழ்வரகும் முக்கியப் பயிர்கள். புளி, தேன், கடுக்காய் ஆகியவை தலைச்சுமையாகக் கீழே இறங்கும். கடுக்காயும் ஆவாரம்பட்டையும் தோல் பதனிடும் பழைய முறையின் அடிப்படைப் பொருள்கள். ஆகவே பாலாற்றங்கரைத் தோல் தொழிலுக்கும் மலைக்காட்டுக்கும் உறவு நெடுநாளையது. ஒடுகத்தூரில் வெள்ளிதோறும் கூடும் ஆட்டுச்சந்தை மலைக்கும் சமவெளிக்கும் பொதுவான இடம்.

டோலி

சாலை எட்டாத ஊர்களில் நோயாளியையும் கர்ப்பிணியையும் டோலியில் தூக்கி வருவர். நீண்ட கழியில் போர்வையைத் தூளிபோல் கட்டி, முன்னும் பின்னும் ஆள்கள் தோள் கொடுப்பர். இறக்கத்தில் கல் புரண்டால் கழி சாயும் என்பதால் அடிக்கடி தோள் மாற்றிக்கொள்வர். 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை உரிய நேரத்தில் மருத்துவமனை சேராமல் இறந்தது. ஆம்புலன்ஸ் பாதி வழிக்கு மேல் செல்ல முடியாததால், உடலைப் பெற்றோர் சுமந்தே மலையேறினர்.

சாலைகள்

பாதைகள் பல காப்புக்காடுகளின் ஊடே செல்வதால், சாலை போட 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி தேவை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், கிராமசபை பரிந்துரைத்தால் ஒரு ஹெக்டேருக்கும் குறைவான வனநிலத்தைச் சாலை போன்ற பொதுத் தேவைகளுக்கு ஒதுக்க வழிசெய்கிறது. வாணியம்பாடி அருகே நெக்னாமலையில் ஊர்மக்களே 2020இல் தங்கள் உழைப்பால் மண்சாலை அமைத்தனர்.

மலையேற்றம்

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றக்காரர்கள் பலர் உயிரிழந்தபின், தமிழக அரசு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளை வகுத்தது. காப்புக்காட்டுப் பாதைகளில் மலையேற்றம் செல்ல விரும்புவோர் வனத்துறையின் முன் அனுமதி பெற வேண்டும்.